பால் பைத்தான் முட்டை: தாயிடம் விடுவதா, பெட்டியில் வைப்பதா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவரும் கணவரும் நான்கு வருடமாக ஒரு ஜோடி பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு இனம்) வளர்க்கிறார்கள். இரண்டையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். போன வருடம் பெண் பாம்பு முதல் தடவையாக ஐந்து முட்டை இட்டது. "இயற்கையாகவே நடக்கட்டும்" என்று தாயிடமே விட்டுவிட்டார்கள். அது இருந்தது கண்ணாடித் தொட்டியில். மேலே கம்பி வலை மூடி, அதற்கும் மேலே ஒரு வெப்ப விளக்கு. முதல் பத்து நாள் தாய் முட்டைகளை இறுக்கிச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அப்புறம் அடிக்கடி சுருளைத் தளர்த்தியது. மூன்றாவது வாரத்தில் முட்டைகளில் குழி விழுந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் எல்லாம் மஞ்சளாகி நாற்றம் எடுத்துவிட்டன. அப்போதும் தாய் அவற்றை விட்டு நகரவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை.

இந்த வருடம் மறுபடியும் சினை. சட்டை உரித்துப் பத்து நாள் ஆகிறது. சமையலறைத் தராசில் எடை 1,740 கிராம் காட்டியது. உறவினர் ஒருவரின் ஹேச்சரியில் (கோழிக்குஞ்சு பொரிப்பகம்) கோழி முட்டை பொரிக்கும் மெஷின் இருக்கிறது, அதில் வைத்துவிடலாம் என்கிறார் கணவர். தாயிடமிருந்து முட்டையைப் பிரிப்பது பாவம், போன தடவை நீங்கள் போய்ப் போய்ப் பார்த்ததால்தான் தாய் வெறுத்துக் கைவிட்டது என்கிறார் மாமியார். இதற்கிடையில், பக்கத்துக் கரும்புக் காட்டில் ஒரு மலைப்பாம்பு முட்டையோடு கிடக்கிறது, அந்த முட்டைகளையும் பொரித்துத் தர முடியுமா என்று கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "போன வருஷம் என் அலட்சியத்தால்தான் ஐந்து உயிர் போனதா டாக்டர்?"

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை, உங்கள் பாம்பும் முட்டைகளைக் கைவிடவில்லை. அழுகிப்போன முட்டைகளைக்கூட விடாமல் அணைத்துக் கிடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைவிட நினைக்கும் பாம்பு அப்படிக் கிடக்காது. நடந்தது வேறு. முட்டைகளில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது. தாயால் எது முடியும், எது முடியாது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

கோழி முட்டைபோல பாம்பு முட்டையின் ஓடு கெட்டியாக இருக்காது. தோல்போல இருக்கும், தொட்டால் லேசாக அமுங்கும். சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், வறண்டிருந்தால் இழந்துவிடும். மேலே வலை, வலைக்கு மேலே விளக்கு, வெளியே நாமக்கல் வெயில் என்றால் அந்தத் தொட்டிக்குள் ஈரம் தங்கியிருக்கவே முடியாது. மூன்றாவது வாரத்திலேயே விழுந்த குழி அதைத்தான் காட்டுகிறது. பொரிக்கப்போகும் கடைசி ஓரிரு வாரத்தில் முட்டை லேசாகக் குழிவது இயல்பு. இருபதாவது நாளிலேயே குழிந்தால் அது தாகம்.

தாயின் சூடு பற்றி

கடிதத்தில் மூன்று இடத்தில் "தாயின் சூடு" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் நம்புவது இதைத்தான். இதில் பாதி உண்மை உண்டு, ஆனால் அந்தப் பாதி உங்கள் பாம்புக்குப் பொருந்தாது.

நம் ஊர் மலைப்பாம்பும் அதன் நெருங்கிய சொந்தமான பர்மிய மலைப்பாம்பும் அடைகாக்கும்போது உடல் தசைகளைச் சீராக வெட்டி வெட்டி இழுத்து, தாமாகவே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். குளிர்ந்த ரத்தப் பிராணி இதைச் செய்யும் என்று முதலில் யாரும் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் அடைகாத்த ஒரு மலைப்பாம்பின் சுருளுக்கு நடுவே வெப்பமானியை வைத்து, சுற்றுப்புறத்தைவிட அங்கே சூடு அதிகம் என்று வாலன்சியன் பதிவு செய்தார். 1966இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்தில் இருந்த ஒரு பர்மிய மலைப்பாம்பை வைத்து, தசை இழுப்பிலிருந்துதான் அந்தச் சூடு வருகிறது என்பதும் உறுதியானது. வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கும் "நடுங்கும் தாய்" இந்த இனங்கள்தான்.

பால் பைத்தானுக்கு அந்தத் திறமை கிடையாது. அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பிராணி. அங்கே எலி வளைகளுக்குள்ளும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளுக்குள்ளும் போய் முட்டையிடும். மண்ணுக்குள் இருக்கும் அந்தப் பொந்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறாது, ஈரமும் தங்கும். வெப்பத்தைப் பொந்து பார்த்துக்கொள்வதால், தாய் முக்கியமாகச் செய்யும் வேலை முட்டைகளின் மேல் இறுக்கமாகப் படர்ந்து ஈரம் போகாமல் காப்பதுதான். டோகோ நாட்டில் நடந்த ஓர் ஆய்வில் சில முட்டைகளைத் தாயிடமே விட்டார்கள், சிலவற்றை 15 நாளுக்குப் பிறகு பிரித்தார்கள், சிலவற்றைத் தொடக்கத்திலிருந்தே தாயில்லாமல் வைத்தார்கள். பெரிய வித்தியாசம் ஈரத்தில்தான் தெரிந்தது. தாயில்லாத முட்டைகள் வறண்டன, அவற்றில் பொரித்தவையும் குறைவு.

ஆக, தாயிடம் விட்டாலும் சரி, சூடேற்றிய பெட்டியில் வைத்தாலும் சரி, வெப்பத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் வீட்டில் பொந்து கிடையாது. கண்ணாடித் தொட்டிக்குள் விட்டுவிட்டு "இயற்கையாக நடக்கட்டும்" என்றால், தாய் தன் பங்கைச் செய்யும், பொந்தின் பங்கைச் செய்ய ஆள் இருக்காது. போன வருடம் நடந்தது இதுதான்.

மாமியார் சொன்ன "வெறுத்துத் தளர்த்தியது" பற்றியும் ஒரு வார்த்தை. அடைகாக்கும் மலைப்பாம்பு அவ்வப்போது சுருளைத் தளர்த்தி மறுபடி இறுக்கும். ஆஸ்திரேலியாவின் ஒரு சிறிய மலைப்பாம்பு இனத்தை வைத்து அரிசோனாவில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எந்நேரமும் இறுக்கியே கிடந்தால் உள்ளே வளரும் குட்டிகளுக்குக் காற்று போதாது, எந்நேரமும் தளர்ந்து கிடந்தால் ஈரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் அது மாற்றி மாற்றிச் சமாளிக்கிறது. உங்கள் பாம்பு அளவுக்கு மீறித் தளர்த்தியிருந்தால் விளக்கின் சூடு தாங்காமல் இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்ததற்காக எந்தப் பால் பைத்தானும் முட்டையை விட்டுப் போகாது. வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

ஹேச்சரி மெஷின் வேண்டவே வேண்டாம்

உங்கள் கணவரின் யோசனை நல்ல எண்ணத்தில் வந்தது. நாமக்கல்லில் இருந்துகொண்டு இன்குபேட்டர் என்றதும் ஹேச்சரி நினைவுக்கு வருவதும் சகஜம்தான். ஆனால் அந்த மெஷினில் வைத்தால் ஒரு முட்டைகூடத் தேறாது.

கோழி முட்டைக்கு வைப்பது 37.5 டிகிரி செல்சியஸ். பால் பைத்தான் முட்டைக்கு வேண்டியது 31 முதல் 32 டிகிரி. 34ஐத் தாண்டி நீடித்தாலே முதுகெலும்பு வளைந்த குட்டிகளும் முட்டைக்குள்ளேயே இறந்த குட்டிகளும் வரத் தொடங்கும். 37.5இல் உயிர் நிற்காது.

அடுத்தது திருப்புவது. கோழி முட்டையை நாளுக்குப் பல தடவை திருப்ப வேண்டும், மெஷினில் அதற்கென்றே மோட்டார் இருக்கும். பாம்பு முட்டையில் கரு ஓட்டின் உட்புறத்தில் மேல்பக்கமாக ஒட்டிக்கொண்டு வளரும். திருப்பினால் அது பிய்ந்துபோகலாம், மஞ்சள் கருவின் அடியில் மாட்டி இறந்தும் போகலாம். மூன்றாவது, அந்த மெஷினின் ஃபேன். ஓயாமல் வீசும் காற்றில் தோல் ஓட்டு முட்டை சீக்கிரமே வற்றிவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு வெப்பத்தைக் குறைத்து வைக்கலாமே என்று உறவினர் சொல்லக்கூடும். ஆயிரக்கணக்கான கோழி முட்டைகளுக்கு நடுவே உங்கள் ஐந்தாறு முட்டைக்காக யார் அதைச் செய்யப்போகிறார்கள்? அவருடைய தொழிலையும் கெடுக்க வேண்டாம்.

இந்த வருடம் என்ன செய்யலாம்

இரண்டு வழியிலும் நல்லது கெட்டது உண்டு. தாயிடம் விட்டால், ஈரத்தை நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்யும் ஒரு ஜீவன் முட்டைகளின் மேலேயே இருக்கிறது. எந்தக் கருவியும் அந்த அளவுக்கு நுணுக்கமாகச் செய்யாது. முட்டையைத் தொட வேண்டாம், திருப்பிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. நல்ல உடல்வாகுள்ள தாயும் சரியான கூடும் அமைந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

ஆனால் உங்கள் தராசு காட்டிய எண் என்னை யோசிக்க வைக்கிறது. முட்டைகளையும் சேர்த்து 1,740 கிராம். ஒரு முட்டை 80, 90 கிராம் இருக்கும். ஐந்தாறு முட்டை இட்டால் தாய் 1,250 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். போன வருடம் முட்டையும் போட்டு மூன்று மாதத்துக்கு மேல் பட்டினியும் கிடந்த உடம்பு இது. இழந்ததை முழுதாகத் திரும்பப் பெறாமலே அடுத்த சினைக்கு வந்திருக்கிறது. அடைகாக்கும் இரண்டு மாதமும் பெரும்பாலும் சாப்பிடாது. அதனால் உடனே செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சுருண்டு கிடக்கும் பாம்பு செலவழிக்கும் சக்தி மிகக் குறைவு. தாயைக் கரைப்பது முட்டை உருவாக்கும் வேலைதான், அடைகாப்பது அதற்குப் பிறகுதான். இருந்தாலும் ஏற்கனவே மெலிந்த தாய்க்கு அந்த இரண்டு மாதம் தீனி மிக முக்கியம்.

அதனால் இந்த வருடம் முட்டைகளை எடுத்துப் பெட்டியில் வையுங்கள் என்பது என் ஆலோசனை. பிரிப்பது பாவமா என்ற கேள்விக்கு ஒரு மருத்துவனாக என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: குட்டி வெளியே வந்த பிறகு பால் பைத்தான் அதை வளர்ப்பதில்லை, ஊட்டுவதில்லை. முட்டையின் வாசனை நீங்கிவிட்டால் சில நாளில் தாய் பழைய நிலைக்கு வந்து இரை தேடத் தொடங்கும். அதற்கு முன் சில நாள் அதே மூலையில் சுருண்டு கிடக்கலாம். பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மெலிந்த தாயை இன்னும் இரண்டு மாதம் பட்டினி போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

முட்டை வருவதற்கு முன்

முட்டையிடுவதற்கு முந்தைய சட்டை உரிப்பிலிருந்து ஏறத்தாழ நான்கு வாரத்தில் பால் பைத்தான் முட்டையிடும். உங்களுக்கு இன்னும் இரண்டு, மூன்று வாரம் இருக்கிறது. பெட்டியை இப்போதே செய்து, வெறும் பெட்டியாகவே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு போராடக் கூடாது.

பெரிய செலவு தேவையில்லை. மீன் கடைக்கு ஐஸ் போட்டு வரும் தடித்த தெர்மாகோல் பெட்டி போதும். அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), அதற்கு நல்ல தெர்மோஸ்டாட், காலியிடத்தில் தண்ணீர் நிரப்பிய இரண்டு மூன்று பாட்டில்கள். கரண்ட் போனாலும் அந்தத் தண்ணீர் வெப்பத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி முட்டை டப்பாவை ஒட்டி இருக்கட்டும். கூடவே தனியாக ஒரு வெப்பமானியும் வையுங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியே தவறாக ஓடினால் அதைக் காட்டிக்கொடுக்க இன்னொன்று வேண்டும்.

முட்டை டப்பா என்பது மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நாலு விரல் உயரத்துக்கு வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்). செடி வளர்ப்புப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். எடைக்கு எடை தண்ணீர் கலந்து பிசையுங்கள். கையில் அள்ளி அழுத்தினால் கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் கொஞ்சம் காய்ந்த வெர்மிகுலைட் சேருங்கள். மூடியில் பெரிய ஓட்டைகள் வேண்டாம், இரண்டு சின்னத் துளை போதும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் சரி. கடைசி இரண்டு வாரத்தில் குட்டிகளுக்குக் காற்றுத் தேவை கூடும், அப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திறங்கள். மூடியின் உட்புறத்தில் பனித்துளி இருப்பது நல்ல அறிகுறி. அது முட்டையின் மேல் சொட்டாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை எடுக்கும்போது

தாய் முட்டையிட்டு முடித்து, சுற்றி நிலைகொண்ட பிறகு எடுங்கள். சாதாரணமாகச் சாதுவான பாம்பு என்றாலும் அந்த நேரத்தில் சீறலாம், கொத்தலாம். தலைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக மெதுவாகப் பிரியுங்கள். இழுக்க வேண்டாம். இருவர் இருந்தால் நல்லது.

முட்டையை எடுப்பதற்கு முன்பே அதன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். கடைசிவரை அந்தக் கோடு மேலே பார்த்தே இருக்க வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் என்றால் பக்குவமாகப் பிரிந்து வரும். காய்ந்து ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், கொத்தாகவே வையுங்கள். இருட்டறையில் முட்டைக்கு அடியில் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் ஓடினால் உயிருள்ள முட்டை. சின்னதாக, மஞ்சளாக, மெழுகுபோலக் கெட்டியாக இருப்பது கூமுட்டை. ஆனால் சந்தேகம் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். கெட்ட முட்டை தானாகவே பூசணம் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது தாய். வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை நன்றாகக் கழுவிவிடுங்கள். கூண்டின் விரிப்பு, ஒளிந்துகொள்ளும் பெட்டி எல்லாவற்றையும் மாற்றுங்கள் அல்லது கழுவிக் காயவையுங்கள். முட்டை வாசனை இருக்கும்வரை அது வெறும் தரையையே அடைகாத்துக் கிடக்கும். ஒரு வாரம் கழித்து வழக்கமானதைவிடச் சின்ன எலியாகக் கொடுத்துப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டால் அடுத்தடுத்து மெதுவாக அளவைக் கூட்டலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சில முட்டை இட்டு நிறுத்திவிட்டு, வயிற்றில் இன்னும் கட்டி தட்டுப்பட்டால், இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள். முட்டை சிக்கியிருக்கலாம். கையால் அமுக்கித் தள்ளுவதும், மாட்டுக்குப் போடும் ஊசியைப் போடலாம் என்று யாராவது சொல்வதைக் கேட்பதும் கூடவே கூடாது. உள்ளேயே முட்டை உடைந்தால் தாய் பிழைப்பது கஷ்டம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரம்தான் உங்கள் பெரிய கவலை

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. எப்படிச் சூடேற்றுவது என்றுதான் சொல்லும். உங்கள் பிரச்சினை தலைகீழ். மார்ச் கடைசியில் முட்டை வந்தால், பொரிக்க ஏறத்தாழ 55 முதல் 60 நாள். அதாவது சரியாகக் கத்திரி வெயிலில் வந்து நிற்கும். தெர்மோஸ்டாட்டால் சூட்டை நிறுத்தத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. அறையே 37 டிகிரிக்குப் போனால் பெட்டியும் அங்கேதான் போகும். எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே முட்டைகள் வெந்துவிடும்.

அதனால் பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முதல் முடிவு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும், மேற்குச் சுவர் ஓரமும் ஆகாது. கீழ்த்தளத்தில், தரைமேல், வீட்டிலேயே குளிர்ந்த அறை எதுவோ அங்கே வையுங்கள். படுக்கையறையில் ஏசி இருந்தால், பகல் பதினொரு மணியிலிருந்து நாலைந்து மணிவரை 27, 28 டிகிரியில் ஓடட்டும். மீதிச் சூட்டை ஹீட் மேட் கொடுக்கும். ஏசிக் காற்று நேராகப் பெட்டிமேல் படாமல் இருந்தால் போதும். ஏசி இல்லையென்றால், வெயில் உச்சத்தில் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை மண்பானைத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களாக மாற்றலாம். ஐஸ் பாட்டில் வைத்து ஒரேயடியாக இறக்க வேண்டாம்.

கரண்ட் கட்டுக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு நான் பயப்படவில்லை. சில மணி நேரம் 28க்கு இறங்கினால் பொரிப்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மேலே ஏறும் இரண்டு டிகிரிதான் ஆபத்து. அதிக வெப்பம் வைத்தால் பெண் குட்டி, குறைத்தால் ஆண் குட்டி என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெப்பத்தை வைத்துப் பாலினம் முடிவாவது முதலைக்கும் பல ஆமை இனங்களுக்கும்தான். மலைப்பாம்பின் பாலினம் மரபணுவிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

கரும்புக் காட்டு முட்டை, பதிவு, குட்டிகள்

கரும்புக் காட்டில் கிடப்பது நம் ஊர் மலைப்பாம்பு என்றால் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதன் முட்டையை எடுப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம், சிறைக்குப் போகும் அளவுக்கான குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது மாறாது. அந்தத் தாய் நடுங்கிச் சூடு கொடுக்கும் இனம். அதைவிட நல்ல இன்குபேட்டர் உங்களிடம் இல்லை. அறுவடை நெருங்கிவிட்டதா, ஆட்கள் நடமாட்டம் இருக்கிறதா என்பதைச் சொல்லி வனத்துறையிடம் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கேயே விட்டுக் காவல் வைப்பதா, எடுப்பதா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும்.

உங்கள் பாம்புகள் வெளிநாட்டு இனம். 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வருபவை. அதன்படி 2024இல் வந்த விதிகளின்கீழ் நீங்கள் பதிவு செய்தது நல்ல காரியம். ஆனால் தாய் தகப்பனைப் பதிவு செய்ததோடு முடிந்துவிடாது. குட்டிகள் பிறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும், வேறொருவருக்குக் கொடுத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். சிநேகிதருக்குச் சும்மா கொடுப்பதும் கைமாற்றம்தான். முட்டை பொரிப்பதற்கு முன்பே படிவங்களைப் பார்த்து, உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வளர்க்க முடியவில்லை என்று ஒரு குட்டியைக்கூடக் காட்டில் விடக் கூடாது.

ஐந்தாறு குட்டிகளை யார் வளர்ப்பது என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அதை இப்போதே யோசியுங்கள். பால் பைத்தான் 25, 30 வருடம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 60 வயதைத் தாண்டியதாகக் கணிக்கப்படும் ஒரு பெண் பாம்பு, பல வருடமாக ஆண் துணையே இல்லாமல் 2020இல் ஏழு முட்டை இட்டது. இன்று பிறக்கும் குட்டி உங்கள் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் இருக்கும். நான்கைந்து குட்டிகளுக்கு நம்பகமான, பதிவுக்குத் தயாரான வீடு கிடைக்காது என்று தோன்றினால், எல்லா முட்டையையும் பொரிக்க வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இட்ட ஓரிரு நாளுக்குள், கரு மேலும் வளர்வதற்கு முன்பே, முட்டைகளை ஃப்ரீசரில் வைத்து நிறுத்திவிடுவது பொறுப்பான முடிவுதான். போன வருட வேதனைக்குப் பிறகு இதைப் படிக்கவே உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருந்தும் சொல்கிறேன். வீடில்லாமல் கைமாறிக் கைமாறி அலையும் பாம்புகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

பொரிக்கும் நாளில்

ஐம்பதாவது நாளிலிருந்து தினமும் ஒரு பார்வை பாருங்கள். முட்டை தொய்ந்து குழியும், பயப்பட வேண்டாம். பிறகு ஓட்டில் ஒரு கீறல் விழும், அதில் மூக்கு நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அப்படியே ஒரு நாள், ஒன்றரை நாள் உட்கார்ந்திருக்கும். உள்ளே மீதமிருக்கும் மஞ்சள் கருவை அது உடம்புக்குள் இழுத்துக்கொள்கிற நேரம் அது. வெளியே வரத் தெரியவில்லை என்று நினைத்து இழுத்துவிட்டால் தொப்புள் கிழிந்து ரத்தம் போகும். கத்திரிக்கோலால் முட்டையை வெட்டித் திறப்பதை வீடியோவில் காட்டுவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். மற்றக் குட்டிகள் வெளியே வந்து இரண்டு நாளாகியும் ஒரு முட்டையில் அசைவே இல்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வெளியே வந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். அதற்குப் பிறகுதான் சாப்பிடும். அதுவரை ஈரமான டிஷ்யூ விரித்த சின்ன டப்பாவில் தனித்தனியாக, ஆளுக்கொரு தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள்.

தாயை மாதம் ஒருமுறை அதே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இந்தக் குளிர்காலத்தில் ஆண் பாம்பைச் சேர்க்க வேண்டாம், அடுத்த குளிர்காலத்துக்கும் அவசரம் இல்லை. சினை இல்லாமலே 1,700 கிராமைத் தாண்டி, முதுகெலும்பு துருத்தாமல் உடம்பு உருண்டு வந்தபின் எழுதுங்கள். அப்போது வலை மூடி இல்லாத மூடிய டப், அடியில் ஈரத் தேங்காய் நார்த்தூள், விளக்குக்குப் பதில் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட் மேட், கூட்டுப் பெட்டிக்குள் நிலையான 31 டிகிரி என்று ஒரு கூடு அமைப்பது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன். முட்டைகளை அந்தத் தடவை தாயிடமே விடலாம்.